சந்தைக்குப் போகவும் கட்சி அட்டை

1970களில் மலாவியின் ஒரு சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகிறவர் கையில் பையும் பணமும் இருந்தால் மட்டும் போதாது. மலாவி காங்கிரஸ் கட்சியின் உறுப்பினர் அட்டையும் இருக்க வேண்டும். அதுவும் அந்த ஆண்டுக்குப் புதுப்பித்த அட்டை. சந்தை வாசலில் கட்சியின் இளைஞர் அணியினர் நிற்பார்கள். அட்டையைக் காட்டினால் உள்ளே போகலாம். இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அடி விழாமல் திரும்பினால் அதிர்ஷ்டம். பேருந்து நிறுத்தத்திலும் இதே கதை. மருத்துவமனை வாசலில்கூட அட்டை கேட்டார்கள். பிறக்காத பிள்ளைக்கும் சேர்த்து அட்டை வாங்க வைத்தார்கள் என்று கர்ப்பிணிகள் பின்னாளில் சொன்னதுண்டு.

எதற்காக இத்தனை கெடுபிடி என்று கேட்டால் ஆட்சியிடம் ஒரே பதில் இருந்தது: நாட்டு ஒற்றுமை. கட்சி நான்கு தூண்களின் மேல் நிற்பதாக அதிபர் ஹேஸ்டிங்ஸ் கமுசு பண்டா மேடைதோறும் சொல்லிவந்தார். ஒற்றுமை, விசுவாசம், கீழ்ப்படிதல், கட்டுப்பாடு. முதல் தூணை நிறுத்துவதற்குத்தான் மற்ற மூன்றும் என்பது அவர் கணக்கு. 30 ஆண்டு ஆட்சிக்குப் பிறகு பார்த்தால், மூன்று தூண்கள் நின்றன, முதல் தூணைக் காணவில்லை.

இந்தக் கணக்கைப் பண்டா ஒருவர் மட்டும் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1950களின் கடைசியிலும் 60களிலும் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகளின் எல்லைகளை அங்கே வாழ்ந்தவர்கள் வரையவில்லை. ஐரோப்பியர்கள் தங்களுக்குள் பேரம் பேசி வரைந்தார்கள். ஒரே இனம் இரண்டு மூன்று நாடுகளில் சிதறிக் கிடந்தது. ஒரே நாட்டுக்குள் ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாத பல இனங்கள் இருந்தன. 1960 ஜூன் 30இல் விடுதலை பெற்ற காங்கோவில், இரண்டே வாரத்துக்குள் கட்டாங்கா மாகாணம் தனி நாடாகப் போவதாக அறிவித்தது. செம்பு விளையும் அந்த மண்ணை மீட்க 1963 வரை ஆனது. அந்தக் காட்சியைப் பக்கத்திலிருந்து பார்த்த தலைவர்களுக்குப் பயம் வந்ததில் வியப்பில்லை. 1964இல் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் தலைவர்கள், விடுதலையின்போது இருந்த எல்லைகளை அப்படியே ஏற்பது என்று தீர்மானம் போட்டார்கள். கோட்டை மாற்ற முடியாது; எனவே கோட்டுக்குள் இருப்பவர்களை ஒன்றாக்க வேண்டும். ஒன்றாக்க ஒரே கட்சி போதும். பல கட்சி என்றால் ஒவ்வொரு இனமும் ஒரு கட்சி வைக்கும், கட்சி பெருகினால் நாடு உடையும் என்று வாதம் ஓடியது.

பயம் நியாயமானது. அந்தப் பயத்தைச் சாக்காக வைத்துச் செய்ததெல்லாம் நியாயமா என்பது வேறு கேள்வி.

கானாவில் குவாமே நிக்ரூமா 1957இலேயே இன, மத, வட்டார அடிப்படையில் கட்சி நடத்தத் தடை கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு, விசாரணை இல்லாமல் ஐந்து ஆண்டு வரை சிறையில் வைக்கச் சட்டம் வந்தது. 1964இல் ஒரு கட்சி ஆட்சிக்கு மக்கள் வாக்கெடுப்பு. 99 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு என்று அறிவிப்பு. தங்கக் கடற்கரை என்று இருந்த நாட்டுக்குக் கானா என்று பெயர் வைக்கலாம் என முன்னின்று சொன்ன ஜே. பி. டன்குவா, அந்த நாட்டின் சிறையிலேயே 1965 பிப்ரவரியில் இறந்தார். ஓராண்டு கழித்து ராணுவம் நிக்ரூமாவை இறக்கியபோது அக்ராவின் தெருக்களில் மக்கள் கொண்டாடினார்கள். 99 விழுக்காடு எங்கே போயிற்றோ!

மலாவியின் கதை இதைவிட நீளம், இதைவிட விசித்திரம்.

மலாவி நீளவாக்கில் கிடக்கும் சிறிய நாடு. ஆங்கிலேயர் வைத்த பெயர் நியாசாலாந்து. 1966 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 40 லட்சம். வடக்கு, மத்தி, தெற்கு என மூன்று வட்டாரங்கள். வடக்கில் தும்புகா, தோங்கா இனத்தார். மத்தியில் செவா இனத்தார். தெற்கில் யாவோ, லோம்வே, சேனா என்று பலர். வடக்கில் மண் தராத பிழைப்பைப் பள்ளிக்கூடம் தந்தது. ஸ்காட்லாந்துப் பாதிரியார்களின் லிவிங்ஸ்டோனியா மிஷன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அங்கே கல்வியைப் பரப்பிவிட்டதால், எழுத்தர், ஆசிரியர் வேலைகளில் வடக்கத்தியர் அதிகம். தெற்கில் தேயிலைத் தோட்டங்களும் வணிக நகரமான பிளான்டயரும் இருந்தன. மத்திய வட்டாரம் புகையிலையும் சோளமும் விளையும் கிராமப்புறம். மற்ற இரண்டையும்விடப் பின்தங்கிவிட்டோம் என்ற குறை அங்கே இருந்தது. பண்டா அந்த மத்திய வட்டாரத்தின் கசுங்குவில் பிறந்தவர்.

பிறந்தவர் என்றுதான் சொல்ல முடியும், வாழ்ந்தவர் என்று சொல்ல முடியாது. இளம்வயதில் நடந்தே தெற்கு நோக்கிக் கிளம்பியவர், தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பகுதியில் வேலை பார்த்து, அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, எடின்பரோவில் மறுபடியும் தேர்வு எழுதி, லண்டனில் மருத்துவராகத் தொழில் நடத்தினார். சிகாகோவில் படித்த நாட்களில் மார்க் ஹன்னா வாட்கின்ஸ் என்ற மொழியியல் அறிஞருக்குத் தன் தாய்மொழியைப் பேசிக் காட்டினார். அதை வைத்து 1937இல் ஒரு இலக்கண நூலே வெளிவந்தது. 40 ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் கழித்துவிட்டு 1958 ஜூலை 6இல் அவர் ஊர் திரும்பினார். அவரை அழைத்தவர்கள் ஹென்றி சிப்பெம்பெரே, கன்யாமா சியூமே போன்ற இளைஞர்கள். 30 வயதுகூட ஆகாதவர்கள் பின்னால் ஊர்ப் பெரியவர்கள் வரமாட்டார்கள், நரைத்த தலை ஒன்று வேண்டும் என்று கணக்குப் போட்டு, பண்டாவை மீட்பராகவே மக்கள் முன் நிறுத்தினார்கள். அந்தக் கணக்கு அவர்கள் தலையிலேயே விடிந்தது.

1959இல் ஆங்கிலேய அரசு நெருக்கடி நிலையை அறிவித்துப் பண்டாவையும் தோழர்களையும் சிறையில் அடைத்தது. அவர்கள் அதுவரை நடத்திவந்த காங்கிரஸ் கட்சிக்குத் தடை விழுந்தது. சற்று முன்னதாக வெளியே வந்த வழக்கறிஞர் ஆர்ட்டன் சிர்வா, மலாவி காங்கிரஸ் கட்சி என்று புதிதாக ஒன்றைத் தொடங்கித் தானே முதல் தலைவராக இருந்தார். பண்டா விடுதலையானதும் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் தலைமையை அவரிடம் ஒப்படைத்தார். இந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விடுதலை வந்தது 1964 ஜூலை 6இல். இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிகளிடம் மூன்று பென்னி கட்டணம் வாங்குவது, அரசுப் பதவிகளில் வெள்ளையர்களை இன்னும் வைத்திருப்பது, மொசாம்பிக்கை ஆண்ட போர்ச்சுகீசியருடன் கைகுலுக்குவது, எல்லாவற்றையும் தான் ஒருவராகவே முடிவு செய்வது என்று பண்டாவின் மேல் அமைச்சர்களுக்கு வரிசையாகக் குறைகள். செப்டம்பரில் மூன்று அமைச்சர்களைப் பதவிநீக்கினார். மூன்று பேர் அவர்களுக்காக விலகினார்கள். சிர்வா, சியூமே, சிப்பெம்பெரே எல்லோரும் வெளியே. சிப்பெம்பெரே 1965 பிப்ரவரியில் தெற்கே தன் சொந்தப் பகுதியிலிருந்து ஆயுதக் கிளர்ச்சி நடத்திப் பார்த்துத் தோற்றார். அந்த ஆறு பேரில் ஒருவரான யதூதா சிசிசா 1967இல் ஒரு சிறு படையுடன் எல்லை தாண்டி வந்து சுட்டுக்கொல்லப்பட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்களில் யாரும் தனி நாடு கேட்கவில்லை. எந்த இனத்துக்கும் தனிச் சலுகை கேட்கவில்லை. ஆறு பேரும் வடக்கும் தெற்கும் கலந்தவர்கள். சண்டை கொள்கை பற்றியது, அதிகாரம் பற்றியது. ஆனால் அவர்கள் போன பின் அமைச்சரவையில் வடக்கு, தெற்கின் வலுவான குரல்கள் இல்லாமல் போயின. மத்திய வட்டாரம் தானாக மேலே வந்தது. இந்த நிலைக்குத்தான் ஒற்றுமை என்று பெயர் வைத்தார்கள். 1966இல் குடியரசு ஆனபோது சட்டப்படி ஒரே கட்சி. 1971இல் பண்டா வாழ்நாள் அதிபர்.

பிறகு வந்தவை ஒவ்வொன்றும் நாட்டை ஒன்றாக்குவதாகச் சொல்லிக்கொண்டு வந்தன. 1968இல் கட்சி மாநாடு சின்யாஞ்சா மொழிக்குச் சிச்செவா என்று பெயரிட்டு, அதைத் தேசிய மொழியாக்கியது. அதுவரை வானொலியில் ஒலித்துவந்த தும்புகா நிறுத்தப்பட்டது. வடக்கே ஒரு விவசாயி வானிலை அறிவிப்பைக் கேட்க வேண்டுமானாலும் இனி சிச்செவாவிலோ ஆங்கிலத்திலோதான் கேட்க வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், பண்டா தானே மேடையில் சிச்செவா பேசுவது அபூர்வம். கறுப்புக் கோட்டு, தொப்பி, கையில் ஈயோட்டும் சாமரம், வாயில் ஆங்கிலம், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். கசுங்கு பக்கம் கமுசு அகாடமி என்ற பள்ளியை 1981இல் திறந்து, அங்கே லத்தீனும் கிரேக்கமும் சொல்லித்தரப் பிரிட்டனிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தார். தலைநகரம் 1975இல் தெற்கின் சோம்பாவிலிருந்து மத்திய வட்டாரத்தின் லிலோங்வேவுக்குப் போனது. அதற்குக் கடன் கொடுத்தது நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்கா. அந்த அரசுடன் முழுத் தூதரக உறவு வைத்திருந்த ஒரே கறுப்பர் நாடு மலாவிதான்.

தலைநகர் நாட்டின் நடுவில் இருப்பது நல்லதுதான் என்று ஒருவர் வாதாடலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அட்டை விஷயத்துக்கு எந்த வாதமும் எடுபடாது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் எந்த நாட்டிலும் அரசியல் கட்சியில் சேரமாட்டார்கள். அது அவர்களுடைய மதக் கட்டுப்பாடு. மலாவியிலும் அட்டை வாங்க மறுத்தார்கள். 1967இல் அந்தப் பிரிவுக்கே தடை. 1972இல் அவர்களை வேலையிலிருந்து விரட்ட வேண்டும் என்று கட்சி மாநாடு தீர்மானம் போட்டது. அடி, தீவைப்பு, வன்புணர்வு தாங்காமல் ஆயிரக்கணக்கானோர் சாம்பியாவுக்கும் மொசாம்பிக்குக்கும் ஓடினார்கள். வரி கட்டியவர்கள், சட்டத்தை மதித்தவர்கள், யாரோடும் சண்டைக்குப் போகாதவர்கள். ஓர் அட்டைக்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள்.

ஆர்ட்டன் சிர்வாவுக்கு வருவோம். விடுதலை பெற்ற நாட்டின் முதல் நீதி அமைச்சர் அவர். மனைவி வேரா நாட்டின் முதல் பெண் வழக்கறிஞர். தான்சானியாவில் தஞ்சம் புகுந்திருந்த இருவரும் 1981 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சாம்பிய எல்லைப் பகுதியில் சிக்கி மலாவிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கடத்தினார்கள் என்றே அவர்கள் சொன்னார்கள். பாரம்பரிய நீதிமன்றம் என்ற பெயரில் ஊர்த் தலைவர்களை உட்காரவைத்து நடத்திய விசாரணை. வாதாட வழக்கறிஞர் கிடையாது. வழக்கறிஞர்களான இருவருக்கும் வழக்கறிஞர் இல்லை! தேசத்துரோகத்துக்கு மரண தண்டனை விதித்து, உலகம் முழுவதும் எதிர்ப்பு எழுந்தபின் 1984இல் ஆயுளாகக் குறைத்தார்கள். இருவரும் சோம்பா சிறையில்தான் இருந்தார்கள், ஆனால் எட்டு ஆண்டுகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க விடவில்லை. 1992 செப்டம்பரில் பிரிட்டன் வழக்கறிஞர் குழு வந்தபோதுதான் சந்திக்க முடிந்தது. அடுத்த மாதமே ஆர்ட்டன் இறந்தார். கட்சியைத் தொடங்கியவர் கட்சியின் சிறையில் போனார். வேராவை இறுதிச் சடங்குக்கும் அனுப்பவில்லை.

இன வேற்றுமையை ஒழிக்க வந்த ஆட்சி, தன் கடைசிக் காலத்தில் இனத்தை எண்ணியே சட்டம் போட்டதுதான் இந்தக் கதையின் உச்சம். 1980களின் பிற்பகுதியில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு மாவட்ட ஒதுக்கீடு வந்தது; தகுதித் தேர்வில் அதிகம் தேறிவந்த வடக்கத்திய மாணவர்களைக் குறைப்பதே நோக்கம் என்று எல்லோருக்கும் புரிந்தது. 1989இல் பண்டா ஒரு படி மேலே போனார். வடக்கத்திய ஆசிரியர்கள் மற்ற வட்டாரங்களில் வேண்டுமென்றே சரியாகச் சொல்லித்தருவதில்லை என்று குற்றஞ்சாட்டி, ஆசிரியர்கள் அவரவர் சொந்த வட்டாரத்துக்குத் திரும்ப வேண்டும் என்று உத்தரவிட்டார். இத்தனை ஆண்டுகள் தெற்கில் குடும்பம் நடத்திய ஆசிரியர் மூட்டை கட்டினார். தெற்கத்திய, மத்திய வட்டாரப் பள்ளிகளில் வகுப்புகள் ஆசிரியர் இல்லாமல் நின்றன. ஒற்றுமை என்ற தூணுக்கு அடியில் தோண்டியது எதிரி இல்லை, தூணை நட்டவரே.

இதே ஒரு கட்சிக் கொள்கையைத் தூக்கிப்பிடித்த பக்கத்து நாடான தான்சானியாவில் வேறு மாதிரி நடந்தது. அங்கும் விசாரணையில்லாச் சிறை உண்டு. 1973க்குப் பின் லட்சக்கணக்கான விவசாயிகளை லாரியில் ஏற்றி, கட்டாயமாகப் புதுக் கிராமங்களில் குடியேற்றிய கொடுமையும் உண்டு. அந்நாட்டு அதிபராக இருந்த ஜூலியஸ் நியரேரேவை மகானாக எழுதுகிறவர்கள் இதை அடிக்குறிப்பில் ஒளித்துவிடுகிறார்கள். ஆனாலும் 120க்கு மேற்பட்ட இனங்கள் உள்ள அந்த நாட்டில் இனச் சண்டை பெரிதாக எழவில்லை. காரணத்தைச் சிறையில் தேடினால் கிடைக்காது. அங்கே பொதுமொழியாக வந்த சுவாஹிலி, ஆட்சியில் இருந்த இனத்தின் மொழி இல்லை. கடற்கரை வணிகத்தில் வளர்ந்து உள்நாடு முழுக்கப் பரவியிருந்த மொழி. நியரேரே பிறந்தது சனாகி என்ற மிகச் சிறிய இனத்தில். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வேறு வட்டார விடுதிகளில் தங்கிப் படித்தார்கள். மலாவியில் ஆசிரியரை ஊருக்கு விரட்டியதற்கு நேர் எதிர். 1965 தேர்தலில் கட்சி ஒன்றுதான், ஆனால் பெரும்பாலான தொகுதிகளில் அந்தக் கட்சியின் இரண்டு பேர் போட்டியிட்டார்கள். ஒருவருக்கு மண்வெட்டிச் சின்னம், மற்றவருக்கு வீடு. பிரசாரம் சுவாஹிலியில் மட்டும். இனம், மதம் பேசி வாக்குக் கேட்கக் கூடாது. நிதி அமைச்சர் பால் பொமானியே தோற்றார். பண்டாவின் நாட்டில் ஓர் அமைச்சர் வாக்காளரிடம் தோற்பதை நினைத்துப் பார்க்க முடியாது. அங்கே அமைச்சர்கள் வேறு விதமாகத்தான் காணாமல் போனார்கள். 1983இல் மூன்று அமைச்சர்களும் ஒரு எம்.பி.யும் கார் விபத்தில் இறந்ததாக அறிவித்தார்கள். அது கொலை என்று பின்னர் அமைத்த விசாரணை ஆணையம் சொன்னது. அதற்காகப் பண்டா மீது நடந்த வழக்கில் 1995இல் அவர் விடுதலையானார்.

பண்டாவின் ஆதரவாளர்கள் இன்றும் ஒன்றைச் சொல்கிறார்கள்: பக்கத்து மொசாம்பிக் உள்நாட்டுப் போரில் எரிந்தபோது மலாவி அமைதியாக இருந்தது. உண்மைதான். 1990களின் தொடக்கத்தில் அங்கிருந்து வந்த சுமார் 10 லட்சம் அகதிகளை அந்த ஏழை நாடு தாங்கியது. அது மலாவி மக்களின் பெருமை. ஆனால் மலாவியில் பிரிவினை கேட்ட வட்டாரம் எதுவும் இல்லை. இல்லாத நோய்க்கு 30 ஆண்டு மருந்து கொடுத்தால், மருந்தே நோயாகத்தான் செய்யும்.

1992 மார்ச் 8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, தவக்காலத்தின் தொடக்கம். நாடெங்கும் கத்தோலிக்கக் கோயில்களில் ஏழு ஆயர்கள் கையெழுத்திட்ட கடிதம் வாசிக்கப்பட்டது. பள்ளிகள், மருத்துவமனைகளின் சீரழிவு, ஊழல், பயம், நீதி கிடைக்காமை எல்லாம் அதில் இருந்தன. வடக்கத்திய ஆசிரியர்களுக்கு நடந்ததைப் போன்ற பாகுபாடும் கண்டனத்துக்கு உள்ளானது. ஆட்சியின் காதுக்கு எட்டாமல் அச்சடித்து, ஒரே நாளில் எல்லா மேடையிலும் படித்தார்கள். அரசு ஆயர்களைக் கூப்பிட்டு விசாரித்தது. கட்சிக் கூட்டத்தில் அவர்களைக் கொன்றுவிடலாம் என்றுகூடப் பேச்சு எழுந்தது. ஆனால் கதவு திறந்துவிட்டது. தொழிற்சங்கத் தலைவர் சக்குஃப்வா சிஹானா ஏப்ரலில் வெளிநாட்டிலிருந்து வந்திறங்கி விமான நிலையத்திலேயே கைதானார். மே மாதம் நிதி தரும் நாடுகள் உதவியை நிறுத்தின.

வேறு வழியில்லாமல் பண்டா வாக்கெடுப்புக்கு ஒப்புக்கொண்டார். ஒரு கட்சிக்குக் கறுப்புச் சேவல் படம், பல கட்சிக்கு அரிக்கேன் விளக்குப் படம். இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி வைக்கலாம் என்றது அரசு; யார் எந்தப் பெட்டியில் போடுகிறார் என்று பார்த்துவிடலாமே! ஐ.நா. தலையிட்டு ஒரே பெட்டி ஆக்கியது. 1993 ஜூன் 14இல் அரிக்கேன் விளக்கு தெளிவாக வென்றது. ஆனால் மத்திய வட்டாரத்தில் சேவலுக்குத்தான் வாக்கு.

அடுத்த ஆண்டு மே மாதத் தேர்தல் முடிவு, 30 ஆண்டு ஒற்றுமைப் பாடத்தின் மதிப்பெண் பட்டியல். தெற்கு, தெற்கத்தியரான பக்கிலி முலூசிக்கு. மத்தி, பண்டாவுக்கு. வடக்கு, வடக்கத்தியரான சிஹானாவுக்கு. அங்கிருந்த 33 தொகுதிகளையும் அவர் கட்சியே வாரிக்கொண்டது. மூன்று வட்டாரங்கள், மூன்று கட்சிகள். இன அரசியலைப் பல கட்சி முறை கொண்டுவரும் என்று பயமுறுத்தியவர்கள் இதைக் காட்டி, பார்த்தீர்களா என்றார்கள். ஆனால் அந்த மூன்று கோடுகளை முலூசியோ சிஹானாவோ ஒரே ஆண்டில் வரைந்துவிட முடியாது. வானொலியிலிருந்து ஒரு மொழியை எடுத்த நாளிலும், ஆசிரியர்களை ஊருக்கு விரட்டிய நாளிலும் அவை ஆழமாக விழுந்துவிட்டன.

முலூசி 47 விழுக்காட்டு வாக்கிலேயே அதிபரானார். இருப்பவர்களில் அதிகம் வாங்கினால் போதும் என்பது விதி. அதனால் தன் வட்டாரத்தைக் கட்டிக்காத்தாலே ஒருவர் ஜெயித்துவிடலாம், மற்ற வட்டாரத்தார் வீட்டு வாசலை மிதிக்கவே தேவையில்லை. 25 ஆண்டுகள் மலாவி பெரும்பாலும் அப்படித்தான் ஓடியது. 2019 மே தேர்தலில் அதிபராக இருந்த பீட்டர் முத்தாரிகா 38 விழுக்காட்டுச் சொச்சத்தில் வென்றதாக அறிவித்தார்கள். முடிவுத் தாள்களில் எண்களை வெள்ளை மை பூசித் திருத்தியிருந்தது வெளியே வந்தது. மாதக்கணக்கில் தெருவில் போராட்டம். 2020 பிப்ரவரி 3இல் ஐந்து நீதிபதிகள், குண்டு துளைக்காத சட்டை அணிந்து நீதிமன்றத்துக்கு வந்து, தேர்தல் செல்லாது என்றார்கள். கூடவே, அதிபராகிறவர் பாதிக்கு மேல் வாக்கு வாங்கியே ஆக வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார்கள்.

நாட்டை ஒன்றாக்க அட்டையும் அடியும் செய்யாத வேலையை அந்த ஒரு விதி செய்யத் தொடங்கியது. மத்திய வட்டாரத்தின் லாசரஸ் சக்வேரா தனியாக ஜெயிக்க முடியாது என்று ஆனதும், இன்னொரு கட்சியின் தலைவரான சவுலோஸ் சிலிமாவோடும் மற்ற கட்சிகளோடும் கூட்டணி கட்டி எல்லா வட்டாரத்திலும் வாக்குக் கேட்டுப் போனார். 2020 ஜூன் மறுதேர்தலில் 58 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி அதிபரானார். அவருடைய கட்சி, பண்டாவின் அதே மலாவி காங்கிரஸ் கட்சி. 26 ஆண்டுக்குப் பின் அது ஆட்சிக்குத் திரும்பியது, அட்டை கேட்காமல் வாக்குக் கேட்டு. 2025 செப்டம்பர் தேர்தலில் சக்வேரா முத்தாரிகாவிடம் தோற்றார். அதிகாரபூர்வ அறிவிப்பு வருவதற்கு முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டார்; பிறகு பதவியை விட்டு இறங்கினார்.